சாலையே வீடானவர்களுக்கு ஒரு செயலி

நம் வீட்டுக்கு ஓர் எண் உண்டு. தெருவுக்கு ஒரு பெயர் உண்டு. கடிதம் போட்டால் வந்து சேரும். உறவினர் தேடி வந்தால், அக்கம்பக்கத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து விடுவார்.

சாலையே வீடாக வாழ்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. நம் நாட்டில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். ராஜஸ்தானில் ரைக்கா மக்கள் ஒட்டகங்களையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். ஜம்மு காஷ்மீரில் பக்கர்வால் மக்கள் கோடையில் மந்தையோடு மலை ஏறுகிறார்கள். குளிர்காலத்தில் கீழே இறங்குகிறார்கள். இவர்களைப் போலவே மாதத்தில் பல நாட்களைச் சாலையில் கழிப்பவர்கள் லாரி டிரைவர்களும் கிளீனர்களும்.

இவர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்து வைக்க, செல்போனில் ஒரு செயலி செய்ய முடியுமா? முடியும். ஆனால் அதை எப்படிச் செய்ய வேண்டும்? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

நீண்ட சாலை

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது ஒரு சாலை. அதன் பெயர் தேசிய நெடுஞ்சாலை 44. நீளம் சுமார் 3,700 கிலோமீட்டர். டெல்லி, ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், நாமக்கல், மதுரை என்று அது போகிறது.

நாமக்கல்லில் ஒரு டிரைவர் லோடு ஏற்றிக்கொண்டு டெல்லிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓசூர் வரை தமிழ். அதன்பின் கன்னடம். பிறகு தெலுங்கு. நாக்பூர் போனால் மராத்தியும் இந்தியும். பேச்சு மாறுகிறது. சாப்பாடு மாறுகிறது. குளிர், வெயில் மாறுகிறது. மாறாதது இரண்டு. ஒன்று, வண்டி. மற்றொன்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிளீனர். கிளீனர் இல்லாத வண்டியில் அந்தத் துணையும் கிடையாது.

நடுவழியில் வண்டி நின்று விட்டால் என்ன செய்வது? காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது? இரவில் எங்கே நிறுத்தினால் டீசல் திருடு போகாது? ஊரில் இருந்தால் இவற்றை அண்ணன் தம்பியிடம் கேட்கலாம். சாலையில் யாரிடம் கேட்பது?

முன்பு என்ன செய்தார்கள்?

ஒரு காலத்தில் டிரைவர்களுக்குக் கடிதம்தான் துணை. வழக்கமாகச் சாப்பிடும் டாபாவிலும், லாரி ஆபீசிலும் ஒருவருக்கொருவர் சேதி சொல்லி விட்டுப் போவார்கள். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. மஞ்சள் பலகையைப் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டுவார்கள். மீட்டரில் காசு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அவசரமாகப் பேசுவார்கள்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசினார். அந்த நாளில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். 2003இல்தான் வரும் அழைப்பு இலவசம் ஆனது. 2016க்குப் பிறகு இணையத்தின் விலையும் வெகுவாகக் குறைந்தது. அதன்பின் டிரைவர்கள் கையிலும் பெரிய திரை உள்ள செல்போன் வந்தது.

வெளிநாட்டில் இன்னொரு வழி இருந்தது. அமெரிக்காவில் லாரி டிரைவர்கள் வண்டியில் ஒரு சிறு ரேடியோ வைத்திருந்தார்கள். அதன் பெயர் சி.பி. ரேடியோ. அதில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும். 1973இல் அங்கே எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது என்று டிரைவர்கள் இந்த ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டார்கள். ஒருவர் பேசினால் சுற்றுவட்டாரத்தில் ரேடியோ வைத்திருக்கும் எல்லாருக்கும் கேட்கும். அதனால் யாரும் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக் கொண்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நம் பேச்சு பலர் காதில் விழலாம். நம் அடையாளம் பலருக்குத் தெரிய வேண்டியதில்லை.

செயலி என்றால் என்ன?

ஆப் என்று நாம் சொல்வதைத்தான் தமிழில் செயலி என்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்ய செல்போனில் நாம் ஏற்றிக்கொள்ளும் ஒரு கட்டளைத் தொகுப்பு அது.

ஒரு செயலிக்கு இரண்டு பாகம் உண்டு. ஒரு பாகம் நம் செல்போனில் இருக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு பாகம் தொலைவில் ஒரு பெரிய கணினியில் இருக்கிறது. அதை சர்வர் என்பார்கள். சர்வரை ஒரு தபால் நிலையம் என்று நினைத்துக் கொள்ளுங்கள். நாம் அனுப்பும் சேதி முதலில் அங்கே போகிறது. அங்கிருந்துதான் உரியவருக்குப் போகிறது.

தபால் நிலையத்தில் கடிதத்தைப் பிரித்துப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். செயலியிலும் அதே நம்பிக்கை தேவை. சர்வர் யார் கையில் இருக்கிறது? அதில் என்ன எழுதி வைக்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? இவை முக்கியமான கேள்விகள்.

முதல் வேலை கேட்பது

செயலி செய்கிறவர் கணினிமுன் உட்காரும்முன் டிரைவர்களோடு உட்கார வேண்டும். இப்படி ஒரு பேச்சை நினைத்துப் பார்ப்போம்.

"அண்ணா, உங்களுக்கு எப்படிப்பட்ட ஆப் வேணுங்க?"

"எனக்கு ஆயிரம் சிநேகிதர்கள் வேண்டாம் தம்பி. வண்டி நின்னு போனா, பக்கத்தில் நம்ம பேச்சு தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரான்னு தெரியணும். அது போதும்."

"எழுதி அனுப்புவீங்களா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன். டைப் அடிக்க நேரம் ஆகும். பேசிடறேன்."

"நீங்க எங்கே இருக்கீங்கன்னு எல்லாருக்கும் காட்டலாமா?"

"வேண்டவே வேண்டாம். லோடு இருக்குது. திருடனுக்கும் அதே ஆப்தானே?"

அடுத்து அவர் மனைவியிடம் கேட்க வேண்டும்.

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

"போன் செஞ்சா அவர் ஓட்டிக்கிட்டே எடுக்கிறார். எனக்குப் பயமா இருக்கு. நான் போன் செய்யாமலே அவர் நல்லா இருக்கார்னு தெரிஞ்சா போதும் தம்பி."

இந்தச் சில வரிகளில் செயலியின் வரைபடமே கிடைத்து விடுகிறது. எழுத்தை விடக் குரல் முக்கியம். இடத்தை மறைக்க வேண்டும். வண்டி ஓடும்போது தொல்லை கூடாது. ஆபத்தில் உதவி கிடைக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குரல் போதும்

எழுத்து தெரியாதவர்களையும் குரலால் இணைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சத்தீஸ்கரில் 2010இல் 'சிஜிநெட் ஸ்வரா' என்ற சேவை தொடங்கியது. தொடங்கியவர் சுப்ரான்ஷு சௌத்ரி என்ற பத்திரிகையாளர். அங்கே பல பழங்குடி மக்கள் கோண்டி மொழி பேசுகிறார்கள். அந்த மொழியில் செய்தித்தாள் கிடைப்பது அரிது.

இந்தச் சேவைக்குச் சாதாரண பொத்தான் செல்போன் போதும். ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கணினி திரும்ப அழைக்கும். அதனால் பேசுகிறவருக்குச் செலவு இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் தன் சேதியைப் பதிவு செய்யலாம். இன்னொரு பொத்தானை அழுத்தினால் பிறர் சொன்னதைக் கேட்கலாம். கைப்பம்பு பழுது, ரேஷன் கிடைக்காதது, கூலி பாக்கி என்று மக்கள் பேசினார்கள். பதிவான சேதியை உடனே வெளியே விடுவதில்லை. ஒருவர் கேட்டு, விசாரித்து, பிறகுதான் வெளியிடுவார்.

லாரி டிரைவர்களுக்கான செயலியும் இந்த வழியில் போகலாம். திரையில் பெரிய மைக் படம் ஒன்று. அழுத்திப் பேசினால் சேதி போய்விட வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 30 நொடிப் பேச்சை 60 கேபி அளவுக்குச் சுருக்கலாம். செல்போனில் எடுத்த ஒரு புகைப்படம் 3 எம்பி, அதாவது சுமார் 3,000 கேபி இருக்கலாம். 3,000ஐ 60ஆல் வகுத்தால் 50. ஒரு படம் அனுப்பும் செலவில் 50 முறை பேசலாம்.

சிக்னல் இல்லாத இடம்

காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் சிக்னல் இருக்காது. அங்கே செயலி விழித்துக்கொண்டு நின்றால் பயன் இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. டிரைவர் பேசியதைச் செல்போன் தனக்குள் சேமித்து வைக்க வேண்டும். சிக்னல் கிடைத்ததும் தானே அனுப்ப வேண்டும். தபால் பெட்டியில் போட்ட கடிதம் தபால்காரர் வரும்வரை காத்திருப்பதைப் போல. முன்னதாக ஒரு வேலையும் செய்யலாம். புறப்படும் ஊரிலேயே, போகிற வழியில் உள்ள ஓய்வு இடம், மெக்கானிக் கடை, மருத்துவமனை ஆகியவற்றின் பட்டியலை இறக்கி வைத்துக் கொள்ளலாம். பிறகு சிக்னல் இல்லாவிட்டாலும் பட்டியல் கையில் இருக்கும்.

இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய இடங்கள் ஏற்கனவே இருக்கின்றன. எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகளில் டிரைவர்களுக்கு ஓய்வு இல்லங்கள் அமைத்துள்ளன. அவற்றின் பெயர் 'அப்னா கர்'. 'நம்ம வீடு' என்று பொருள். அங்கே படுக்கை, குளிக்கும் இடம், குடிநீர், சமைத்துக்கொள்ள இடம் உண்டு. அதே பெயரில் உள்ள செயலியில் படுக்கையை முன்பதிவு செய்யலாம்.

மூன்று கயிறு

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

வானத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞையைக் கொண்டு செல்போன் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. செல்போன்தான் தெரிந்து கொள்கிறது. தெரிந்த இடத்தை ஒரு செயலி வெளியே அனுப்பும்போதுதான் பிறருக்குத் தெரிகிறது.

'நான் இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டாம். எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லட்டும்' என்று ஒருவர் நினைக்கலாம். அது பாதுகாப்பா? தரையில் வரைந்து பார்ப்போம்.

ஒரு முளை அடியுங்கள். அதில் 3 முழக் கயிறு கட்டி ஒரு வட்டம் போடுங்கள். நீங்கள் தேடும் ஆள் அந்த வட்டத்தின் கோட்டில் எங்கோ ஓர் இடத்தில் இருக்கிறார். எங்கே என்று தெரியாது. வேறு இடத்தில் இன்னொரு முளை அடித்து 4 முழக் கயிற்றில் வட்டம் போடுங்கள். இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளில் ஒன்றில்தான் அவர் இருக்க வேண்டும். மூன்றாவது முளை அடித்து மூன்றாவது வட்டம் போட்டால் ஒரே புள்ளிதான் மிஞ்சும். ஆள் அகப்பட்டார்!

ஒரு திருடன் மூன்று இடத்தில் நின்று தூரத்தைப் பார்த்தால் போதும். லாரி நிற்கும் இடம் அவனுக்குத் தெரிந்து விடும். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து.

ஆகவே செயலி சரியான தூரத்தைச் சொல்லக் கூடாது. பொதுவாகச் சொல்ல வேண்டும். 'கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே' என்று சொன்னால் போதும். உதவி கேட்டு, வருகிறவர் யார் என்று பார்த்து, டிரைவரே சம்மதித்த பிறகுதான் அந்த ஒருவருக்கு மட்டும் சரியான இடம் காட்ட வேண்டும். உதவி முடிந்ததும் அது அழிந்து விட வேண்டும். செல்போன் எண்ணும் அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும்படி இருக்கக் கூடாது.

2023இல் நம் நாடாளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றியது. ஒருவரைப் பற்றிய தகவலைச் சேகரிக்க அவருடைய சம்மதம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அதில் உரிமை உண்டு.

பொய்ச் சேதி கொல்லும்

செல்போன் சேதி சாலையில் வாழ்கிறவர்களின் உயிரையே எடுத்ததும் உண்டு.

2018ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி. மகாராஷ்டிரத்தில் துளே மாவட்டம், ரைன்பாடா கிராமம். அன்று ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஐந்து பேர் வந்தார்கள். அவர்கள் நாத்பந்தி தவரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தினர். பிச்சை கேட்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். அந்த நாட்களில் குழந்தை திருடும் கும்பல் சுற்றுகிறது என்று செல்போன்களில் ஒரு புரளி பரவிக் கொண்டிருந்தது. ஊரார் அந்த ஐந்து பேரையும் சந்தேகப்பட்டார்கள். கூட்டம் கூடியது. ஐந்து பேரும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. ஊருக்குப் புதியவர்கள், அவ்வளவுதான்.

அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவுக்கு ஒரு கட்டுப்பாட்டை அறிவித்தது. வந்த சேதியை ஒரே தடவையில் 5 உரையாடல்களுக்கு மேல் தள்ளி விட முடியாதபடி செய்தது.

சாலையில் வாழ்கிறவர்களுக்குச் செயலி செய்கிறவர் இதை மறக்கக் கூடாது. 'அந்த ஊரில் அடிக்கிறார்கள்', 'இந்தச் சமூகத்தார் திருடுகிறார்கள்' என்ற சேதி நொடியில் பரவும். எனவே பொதுவில் போகும் சேதியை ஒரு மனிதர் கேட்டுப் பார்க்க வேண்டும். சத்தீஸ்கரில் செய்ததைப் போல. தவறான சேதி என்று சொல்ல ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் உடனே விசாரிக்க ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத காவல் நிலையம் எதற்கு?

வண்டி ஓடும்போது மௌனம்

ஓட்டும்போது செல்போனைக் கையில் எடுப்பது சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. டிரைவருக்காகச் செய்த செயலியே டிரைவரின் கவனத்தைக் கெடுக்கலாமா?

வண்டியின் வேகத்தைச் செல்போனால் அறிய முடியும். வண்டி ஓடுகிறது என்று தெரிந்தால் செயலி மௌனமாகி விட வேண்டும். வருகிற சேதிகளைச் சேர்த்து வைத்து, வண்டி நின்றதும் சொல்ல வேண்டும். வண்டி நின்றதும் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினால், 'நான் நலம், வண்டி நின்றிருக்கிறது' என்ற குரல் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த அக்கா கேட்டதும் இதைத்தான். இதைச் செய்வது பெரிய வேலை அல்ல. ஆனால் அவரிடம் கேட்காமல் இருந்தால் இந்தப் பொத்தான் யாருக்கும் தோன்றி இருக்காது.

செலவு யாருடையது?

சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். சேதி கேட்டுப் பார்ப்பவருக்குச் சம்பளம் வேண்டும். 'எல்லாம் இலவசம்' என்று ஒரு செயலி சொன்னால், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் இருந்தா? நம் தகவலை விற்பதில் இருந்தா?

டிரைவர் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ சிறு சந்தா வாங்கி நடத்தினால், கணக்குக் கேட்கும் உரிமை டிரைவர்களிடம் இருக்கும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களிடமே இருக்கும். ஊர்க் கிணறு ஊராருக்குச் சொந்தமாக இருப்பதைப் போல.

நினைவில் கொள்வோம்

தொடர்பு ஒருவரைக் காப்பாற்றும். அதே தொடர்பு ஒருவரைக் காட்டியும் கொடுக்கும். எது நடக்கும் என்பது செயலியைச் செய்தவர் யாரைக் கேட்டுச் செய்தார் என்பதில் இருக்கிறது. சாலையில் வாழ்கிறவரைக் கேட்டுச் செய்தால் அது துணை.

புதிய செயலி எதையும் செல்போனில் ஏற்றும்போது, இடத்தை அறிய அனுமதி கேட்கலாம். தேவை இல்லை என்றால் மறுத்து விடுங்கள். தேவை என்றால், செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படிக்கத் தெரிந்த நாம், தெரியாதவர்களுக்கும் இதைப் படித்துச் சொல்வோம்.

செயலி இல்லாதபோதும் உதவும் எண்கள்:

நெடுஞ்சாலையில் விபத்து, பழுது – 1033
எந்த அவசரத்துக்கும் – 112
செல்போன், இணையப் பண மோசடிக்கு – 1930

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் இருந்து வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் யார் யார்? அவர்கள் வீட்டோடு எப்படித் தொடர்பு கொள்கிறார்கள்?
2. மூன்று கயிறு கட்டி வட்டம் போட்டுப் பாருங்கள். இரண்டு கயிறு ஏன் போதாது?
3. உங்கள் ஊருக்கு வரும் நாடோடி மக்களிடம் நீங்கள் பேசியது உண்டா? அவர்களைப் பற்றிச் செல்போனில் ஒரு சேதி வந்தால் என்ன செய்வீர்கள்?
4. 30 நொடிப் பேச்சுக்கு 60 கேபி. அப்படியானால் 2 நிமிடப் பேச்சுக்கு எவ்வளவு?